கைமாற்றாக வாங்கிய மரபணுக்கள்: ஸ்ட்ரெப்டோகாக்கஸும் மருந்தெதிர்ப்பும்

1945 டிசம்பர் 11. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்துகிறார். முடிக்கும் தறுவாயில் ஒரு குட்டிக் கதை சொல்கிறார். திரு. எக்ஸ் என்பவருக்குத் தொண்டை வலி. தானாகவே பென்சிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். தொண்டையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைக் கொல்ல அந்த அளவு போதாது. மருந்தைச் சமாளிப்பது எப்படி என்று அவற்றுக்குப் பாடம் நடத்தத்தான் போதும். பிறகு அவரிடமிருந்து அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா. பென்சிலின் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. அவர் இறந்துவிடுகிறார்.

மருந்தெதிர்ப்பு பற்றிப் பேசும் எல்லோரும் இந்தக் கதையை எடுத்துச் சொல்வார்கள். எச்சரிக்கை என்ற அளவில் சரிதான். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றுவரை பென்சிலினுக்கு அடங்கியே கிடக்கிறது. 80 வருடங்களாக உலகம் முழுக்க அதன்மேல் பென்சிலினைக் கொட்டியும், அந்த மருந்து கேட்காத தொண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயாளிகளிடம் தலைகாட்டவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த நிமோகாக்கஸோ பென்சிலினை எதிர்க்கத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

ஒரே குடும்பம், ஒரே மருந்து. ஒன்று தப்பித்தது, இன்னொன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஏன் என்று தேடிப்போனால், மருந்தெதிர்ப்பு மரபணு மட்டத்தில் எப்படி வேலை செய்கிறது என்பது தானாகவே புரிந்துவிடும்.

முதலில் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். மைக்ராஸ்கோப்பில் மணிகளைக் கோத்த சரம்போலத் தெரியும் உருண்டை பாக்டீரியாக்கள் இவை. 1874இல் தியோடர் பில்ரோத் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் முறுக்குச் சங்கிலி, மணி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. இந்தக் கட்டுரைக்கு நாலு பேரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தொண்டைப்புண், தோல் தொற்று, சில நேரம் உயிரைப் பறிக்கும் தசை அழுகல் வரை கொண்டுபோகும் பயோஜீன்ஸ். நிமோனியா, காதுச் சீழ், மூளை உறை அழற்சி ஆகியவற்றுக்குக் காரணமான நிமோகாக்கஸ். பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் அகலாக்டியே. நான்காவது, யாரும் கண்டுகொள்ளாத மைட்டிஸ். நம் எல்லோர் வாயிலும் தொண்டையிலும் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் குடியிருப்பது. இந்த நான்காவது ஆளைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், கதையில் திரும்ப வருவார்.

அடுத்து, ஒரு தப்பெண்ணத்தை ஓரங்கட்ட வேண்டும். “அடிக்கடி மாத்திரை சாப்பிட்டு உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு” என்று சொல்வது வழக்கம். ஆன்டிபயாடிக் விஷயத்தில் பழகுவது உடம்பு அல்ல. எதிர்ப்பு இருப்பது பாக்டீரியாவிடம், அதன் டிஎன்ஏவில். அதனால்தான் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூடச் சாப்பிடாத ஒருவருக்கும், மருந்து கேட்காத கிருமி இன்னொருவரிடமிருந்து ஒட்டிக்கொள்ள முடியும்.

சரி, பாக்டீரியாவாவது பழகுகிறதா? அதுவும் இல்லை. ஃபிளெமிங் “பாடம் நடத்துவது” என்று சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். மருந்தைப் பார்த்து எந்த பாக்டீரியாவும் யோசித்து மாறுவதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் டிஎன்ஏ சுமார் 20 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு நீளமான வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் முழுவதையும் படியெடுக்க வேண்டும். சில நூறு பிரிவுகளுக்கு ஒருமுறையாவது எங்கோ ஓர் எழுத்து பிசகிவிடும். கோடிக்கணக்கில் செல்கள் இருக்கும் இடத்தில், பிழைகளும் லட்சக்கணக்கில் இருக்கும். பெரும்பாலானவை எதற்கும் உதவாது. அபூர்வமாக ஒரு பிழை, வரப்போகும் மருந்துக்கு ஈடுகொடுக்கிற மாதிரி அமைந்துவிடும். மருந்து வந்ததும் மற்றவை செத்துப்போக, அது மட்டும் காலியான இடத்தில் பெருகும். பிழை முதலில், மருந்து அப்புறம். இந்த வரிசைதான் முக்கியம்.

ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் கதையில் இந்த எழுத்துப்பிழைக்குப் பக்கவேடம்தான். நாயகன் வேறு.

பென்சிலின் எப்படிக் கொல்கிறது?

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு கெட்டியான சுவர் உண்டு. உள்ளே அழுத்தம் அதிகம்; சுவர் இல்லையென்றால் செல் வெடித்துவிடும். செல் வளர வளர, பழைய சுவரை அங்கங்கே இடித்துப் புதுக் கற்களை வைத்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கொத்தனார் வேலையைச் செய்பவை சில புரதங்கள். கல்லின் நுனியைப் பிடித்துப் பக்கத்துக் கல்லோடு இணைப்பது அவற்றின் தொழில். பென்சிலின் மூலக்கூறின் வடிவம் அந்தக் கல்நுனியை அப்படியே ஒத்திருக்கும். கொத்தனார் கல் என்று நினைத்துக் கையில் எடுப்பார். அது பசைபோல ஒட்டிக்கொள்ளும், உதறவே முடியாது. இடிக்கிற வேலை மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருக்கும். கட்ட ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் சுவர் பிளந்து செல் காலி.

பென்சிலின் போய் ஒட்டிக்கொள்வதாலேயே இந்தக் கொத்தனார்களுக்குப் பென்சிலின்பிணைப்புப் புரதங்கள் என்று பெயர் வந்துவிட்டது. பாவம், எமன் பெயரையே அவற்றுக்குச் சூட்டிவிட்டோம். நிமோகாக்கஸிடம் இவை ஆறு இருக்கின்றன.

இதிலிருந்து தப்பிக்க பாக்டீரியாக்கள் கையாளும் வழிகளில் இரண்டு பிரபலமானவை. ஒன்று, பென்சிலினை வெட்டித் துண்டாக்கும் கத்தரிக்கோல் போன்ற ஒரு நொதியைத் தயாரித்து வெளியே விடுவது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு குடும்பத்து பாக்டீரியா இதில் கில்லாடி. பென்சிலின் புழக்கத்துக்கு வந்த சில வருடங்களிலேயே இந்தக் கத்தரிக்கோலோடு மருத்துவமனைகளில் பரவிவிட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தின் நோய்க்கிருமிகள் இந்த வழியில் போகவே இல்லை. அவற்றுக்கு மிஞ்சியது இரண்டாவது வழி: கொத்தனாரின் கையையே மாற்றியமைப்பது. கல்லைப் பிடிக்க வேண்டும், பென்சிலின் ஒட்டக் கூடாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வடிவம் என்பதை நினைத்துப்பார்த்தால் இது எவ்வளவு நுட்பமான வேலை என்று தெரியும்.

ஓர் எழுத்துப்பிழையால் இதைச் சாதிக்க முடியாது. கையின் பல இடங்கள் ஒரே நேரத்தில் பொருத்தமாக மாற வேண்டும். அதுவும் ஒரு கொத்தனாரோடு முடிவதில்லை. நிமோகாக்கஸில் குறைந்தது மூன்று புரதங்கள், 2எக்ஸ், 2பி, 1ஏ என்று பெயரிட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் மாறினால்தான் உயர்ந்த அளவு எதிர்ப்பு கிடைக்கும். இப்படி டஜன்கணக்கான மாற்றங்கள் ஒவ்வொன்றாகத் தற்செயலாக நடந்து, நடுவில் எந்தக் கட்டத்திலும் சுவர் பலவீனமாகாமல் இருக்க வேண்டும். நடக்காது என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் நிமோகாக்கஸில் நடந்தது. எப்படி? சொந்தமாகச் செய்யவில்லை, பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டது.

1928இல் நடந்த இரண்டு விஷயங்கள்

1928 என்றதும் ஃபிளெமிங்கின் பூஞ்சை விழுந்த தட்டுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே வருடம், அதே லண்டனில், ஃபிரெடரிக் கிரிஃபித் என்ற மருத்துவ ஆய்வாளர் இன்னொரு சோதனையை வெளியிட்டார். அவர் பயன்படுத்தியது நிமோகாக்கஸ். அதில் இரண்டு ரகம். வழவழப்பான சர்க்கரை உறை போர்த்தியது எலியைக் கொல்லும். உறை இல்லாத சொரசொரப்பான ரகம் ஒன்றும் செய்யாது. உறை உள்ளதைச் சூடாக்கிக் கொன்று எலிக்குள் செலுத்தினால் எலி பிழைத்துக்கொள்ளும். இதுவரை எதிர்பார்த்ததுதான். பிறகு, கொன்ற உறை ரகத்தையும் உயிருள்ள சாதுவான ரகத்தையும் கலந்து செலுத்தினார். எலி செத்தது. அதன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், உயிரோடு உறை போர்த்திய நிமோகாக்கஸ்!

செத்தது பிழைக்கவில்லை. உயிரோடிருந்தது, செத்துக் கிடந்ததிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு மாறிவிட்டது. அந்த ‘எதையோ’ டிஎன்ஏதான் என்று 1944இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் நிரூபித்தார்கள். மரபுப்பொருள் டிஎன்ஏ என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் வலுவான ஆதாரம் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸிடமிருந்து வந்தது. கிரிஃபித் அதைப் பார்க்கவில்லை; 1941இல் லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் இறந்துபோனார்.

பென்சிலினும், பென்சிலினிலிருந்து நிமோகாக்கஸ் தப்பிக்கப்போகும் வழியும், ஒரே வருடத்தில் ஒரே நகரத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டையும் முடிச்சுப்போட அன்று யாருக்கும் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கைமாற்று எப்படி நடக்கிறது என்பது இப்போது நன்றாகத் தெரியும், கொஞ்சம் கொடூரமாகவும் இருக்கும். நிமோகாக்கஸ்கள் 17 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டிப் புரதத்துண்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கூட்டம் அடர்த்தியாகி அது ஓர் அளவைத் தாண்டியதும், அதை உணர்ந்த செல்கள் ஒரு சில நிமிடங்களில் ‘வாங்கும் நிலை’க்கு மாறுகின்றன. அந்த நிலையில் அவை ஒரு கொலைப் புரதத்தையும் விடுகின்றன. வாங்கும் நிலைக்கு வராத அக்கம்பக்கத்து உறவுக்கார செல்களை அது உடைக்கும். அவற்றின் டிஎன்ஏ வெளியே சிந்தும். சிந்தியதை இவை உள்ளே இழுக்கும். இரண்டு இழைகளில் ஒன்றைச் சிதைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். எடுத்த துண்டு தன்னுடைய டிஎன்ஏவின் ஏதாவது ஒரு பகுதியோடு ஏறக்குறைய ஒத்துப்போனால், பழையதை வெட்டி எறிந்துவிட்டு அங்கே புதியதை ஒட்டவைத்துவிடும். விஞ்ஞானிகளே இதற்குச் சகோதரக் கொலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு சில ஆன்டிபயாடிக்குகளின் தாக்குதலால் நெருக்கடி வரும்போதும் நிமோகாக்கஸ் இந்த நிலைக்குப் போவதைக் கண்டிருக்கிறார்கள்.

இப்போது நான்காவது ஆள் வருகிறார். தொண்டையில் நிமோகாக்கஸுக்குப் பக்கத்து வீடு மைட்டிஸ். நெருங்கிய சொந்தம், ஆகவே டிஎன்ஏ ஏறக்குறைய ஒத்துப்போகும். நாம் எந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும், அது இவர்மேலும் விழும். அவர்தான் எப்போதும் அங்கே இருக்கிறாரே! அப்படிப் பல வருடங்களாக அடிபட்டு அடிபட்டு, கொத்தனார் புரதங்களில் மாற்றம் சேர்ந்த மைட்டிஸ்கள் நிலைத்துவிட்டன. நிமோகாக்கஸ் அந்த மரபணுவின் துண்டுகளை அப்படியே எடுத்துத் தன்னுடையதில் பொருத்திக்கொண்டது. ஒரே தாவலில் பல மாற்றங்கள்.

மருந்தெதிர்ப்புள்ள நிமோகாக்கஸின் 2எக்ஸ் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தால் இது கண்ணுக்கே தெரியும். கொஞ்ச தூரம் வழக்கமான நிமோகாக்கஸ் எழுத்துகள். திடீரென்று ஒரு பத்தி முழுக்க எழுத்துகள் கணிசமாக மாறியிருக்கும். அது மைட்டிஸுடையதோடு பொருந்தும். பிறகு மறுபடி நிமோகாக்கஸ். ஒட்டுப்போட்ட துணி மாதிரி. ‘மொசைக் மரபணு’ என்பது இதற்கு வழங்கும் பெயர்.

இதில் இன்னொரு கூத்து. நிமோகாக்கஸின் டிஎன்ஏவில் சர்க்கரை உறைக்கான மரபணுக்கள் ஓரிடத்தில் கொத்தாக இருக்கின்றன. அந்தக் கொத்தின் ஒரு பக்கம் 2எக்ஸ், மறுபக்கம் 1ஏ. ஆகவே நீளமான ஒரு துண்டு கைமாறினால், புது உறையும் பென்சிலின் எதிர்ப்பும் சேர்ந்தே வந்துவிடலாம். நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் குறிவைப்பது இந்த உறையைத்தான் என்பதால், ஒரே மாற்றத்தில் தடுப்பூசிக்கும் டிமிக்கி, மருந்துக்கும் டிமிக்கி.

பென்சிலினுக்கு முழுதாக அடங்காத நிமோகாக்கஸ் ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்ததாக 1967இல் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தபோது பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1977இல் தென்னாப்பிரிக்காவில் பென்சிலின் கேட்காத நிமோகாக்கஸ் குழந்தைகளைத் தாக்கியது. அடுத்ததாகப் பல மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் ரகமும் அங்கேயே தென்பட்டது. பிறகு உலகமெங்கும் பரவிய ஒரு வம்சம் உண்டு. ஸ்பெயினில் 1980களில் அடையாளம் கண்டதால் ஸ்பெயின் 23எஃப் என்று அழைப்பார்கள். அந்த ஒரே வம்சத்தின் 240 மாதிரிகளின் டிஎன்ஏவை முழுதாகப் படித்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ 1970வாக்கில் பிறந்த அந்த வம்சத்துக்குள், 700க்கும் மேற்பட்ட தடவை வெளியிலிருந்து டிஎன்ஏ துண்டுகள் நுழைந்திருப்பது தெரிந்தது. நாற்பது வருடங்களுக்குள் 700! கைமாற்று என்று சொன்னது சும்மா இல்லை.

எதிர்ப்பு என்றால் எவ்வளவு எதிர்ப்பு?

மருந்து கேட்கும் அல்லது கேட்காது என்று இரண்டே நிலைதான் உண்டு என்று நினைத்துக்கொள்வோம். கொத்தனார் கை மாறுவதால் வரும் எதிர்ப்பு அப்படியல்ல. கை கொஞ்சம் மாறினால் பென்சிலின் கொஞ்சம் குறைவாக ஒட்டும். இன்னும் மாறினால் இன்னும் குறைவு. எந்த அளவு மருந்தில் வளர்ச்சி நிற்கிறது என்று ஆய்வகத்தில் அளப்பார்கள். சாதாரண நிமோகாக்கஸுக்கு ஒரு மில்லிலிட்டரில் 0.06 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோ போதும். மாறியவற்றுக்கு 2 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும்.

இதனால் ஒரு நன்மை இருக்கிறது. அளவைக் கூட்டினால் பல நேரம் சமாளித்துவிடலாம். நுரையீரலுக்கு ரத்தம் வழியாக மருந்து தாராளமாகப் போய்ச்சேரும்; மூளையைச் சுற்றியிருக்கும் திரவத்துக்குள் கொஞ்சம்தான் கசியும். ஆகவே ஒரே கிருமி, நிமோனியாவில் பென்சிலின் ஊசிக்குக் கேட்கும், மூளை உறை அழற்சியில் கேட்காது. அமெரிக்காவில் 2008இல் இதற்கான வரையறையை மாற்றி, நோய் இருக்கும் இடத்தைப் பொறுத்துத் தனித்தனி அளவுகோல் வைத்தார்கள். குழந்தைகளின் காதுத் தொற்றுக்கு, பென்சிலின் வகை மருந்தான அமாக்ஸிசிலினை இரட்டிப்பு அளவில் மருத்துவர்கள் எழுதுவதன் பின்னாலும் இந்தக் கணக்கு இருக்கிறது. கத்தரிக்கோலை முடக்கும் கிளாவுலனிக் அமிலத்தைச் சேர்ப்பது நிமோகாக்கஸ் விஷயத்தில் எந்தப் பயனும் தராது; அதனிடம்தான் கத்தரிக்கோலே இல்லையே.

வேறொரு மருந்து, வேறொரு தந்திரம்

பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வேறு பல காரணங்களுக்காகவும் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை மருந்துகளை எழுதுகிறார்கள். இவை சுவரைத் தொடுவதில்லை. செல்லுக்குள் புரதம் தயாராகும் இடமான ரைபோசோமில் ஒரு குழாய்ப்பாதை உண்டு. புதிதாக உருவாகும் புரதம் அதன் வழியாக வெளியே வரும். இந்த மருந்துகள் அந்தப் பாதையில் போய் அடைத்துக்கொள்ளும்.

இங்கே தொண்டைப்புண் கிருமியான பயோஜீன்ஸும் சாது வேஷம் போடுவதில்லை. அதுவும் நிமோகாக்கஸும் இரண்டு மரபணுக்களைப் பெற்றுவைத்திருக்கின்றன. ‘மெஃப்’ என்ற மரபணு ஒரு பம்ப்பைத் தயாரிக்கும். உள்ளே வந்த மருந்தை அது வெளியே இறைத்துவிடும். ‘எர்ம்’ செய்யும் வேலை இன்னும் அழகு. ரைபோசோமில் மருந்து உட்காரும் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அடினின் எழுத்தின்மேல் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதியை வைத்துவிடும். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம்பிடிப்பது போலத்தான். மருந்துக்கு உட்கார இடமில்லை. அதே இருக்கையை நம்பியிருக்கும் கிளிண்டாமைசின் என்ற வேறொரு மருந்துக்கும் இடமில்லாமல் போகும்.

துண்டு போடுவதில் ஒரு சூட்சுமம். சில பாக்டீரியாக்களில் எர்ம் எல்லா நேரமும் வேலை செய்துகொண்டிருக்காது. அந்த மரபணுவின் நகலாக வரும் ஆர்என்ஏ தன்மேலேயே மடங்கி, எர்ம் புரதத்தின் தொடக்கத்தை மறைத்துவைத்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு குட்டி முன்னுரை மாதிரி சில எழுத்துகள். எரித்ரோமைசின் உள்ளே வந்து ஒரு ரைபோசோமில் ஒட்டினால், அந்த ரைபோசோம் முன்னுரையைப் படிக்கும்போதே பாதியில் நின்றுவிடும். நின்ற இடத்தின் காரணமாக ஆர்என்ஏவின் மடிப்பு அவிழும், மறைந்திருந்த தொடக்கம் வெளியே தெரியும், எர்ம் தயாராகத் தொடங்கும். தாக்க வந்த மருந்தே மணியை அடித்துக் காவல்காரனை எழுப்பிவிடுகிறது. கிளிண்டாமைசினுக்கு அந்த மணியை அடிக்கத் தெரியாது.

ஆகவே கிளிண்டாமைசினை மட்டும் தனியாக வைத்துச் சோதித்தால், “கேட்கிறது” என்று ஆய்வகம் அறிக்கை கொடுத்துவிடும். நோயாளிக்குக் கொடுத்த பிறகு அது காலைவாரலாம். இதைப் பிடிக்க ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். தட்டு முழுக்க பாக்டீரியாவைத் தடவி, எரித்ரோமைசின் வில்லை ஒன்றையும் கிளிண்டாமைசின் வில்லை ஒன்றையும் 12 மில்லிமீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். மறுநாள் பார்த்தால், கிளிண்டாமைசினைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவான வட்டம் இருக்கும். ஆனால் எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் மட்டும் அந்த வட்டம் தட்டையாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அந்தப் பக்கத்து பாக்டீரியாக்களுக்கு எரித்ரோமைசின் கசிந்துவந்து மணியடித்துவிட்டது. அவை விழித்துக்கொண்டு கிளிண்டாமைசினுக்கு அருகிலேயே வளர்ந்துவிட்டன. வட்டம் ஆங்கில ‘டி’ எழுத்துபோல ஆவதால் இதற்கு டி சோதனை என்றே பெயர். மரபணு ஒன்று விழிப்பதை வெறும் கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. பயோஜீன்ஸ் தசையை அழுகவைக்கும் கடும் தொற்றுகளில், அதன் நச்சுப்புரதத் தயாரிப்பை நிறுத்தப் பென்சிலினோடு கிளிண்டாமைசினையும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்பதால், இந்தத் தட்டையான வட்டம் சின்ன விஷயமில்லை.

எர்ம், மெஃப் போன்றவை எல்லாம் செல்லின் சொந்தச் சரக்கல்ல. தாவும் டிஎன்ஏ துண்டுகளில் ஏறி வருபவை. டிஎன்916 என்ற ஒன்று பிரபலம். சுமார் 18,000 எழுத்து நீளம். தான் இருக்கும் இடத்திலிருந்து தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வளையமாகி, பக்கத்து செல்லைத் தொட்டு அதற்குள் ஒரு படி போய், அங்கே டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். டெட்ராசைக்ளினை எதிர்க்கும் ‘டெட்-எம்’ மரபணு இதன் நிரந்தரப் பயணி. இதன் பெரிய உறவினர்களில் டெட்-எம்மும் எர்மும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பயணிக்கும். அதாவது டெட்ராசைக்ளின் கொடுத்தாலும் எரித்ரோமைசின் எதிர்ப்பு சேர்ந்தே வளரும். பயன்படுத்தாத மருந்துக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று குழம்புவோருக்குப் பல நேரம் பதில் இதுதான்.

பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் அகலாக்டியேயின் வரலாற்றையே இந்தப் பயணி மாற்றி எழுதியிருக்கிறது. 1948 முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பெருமளவில் புழக்கத்துக்கு வந்தன. டெட்-எம் ஏறிய ஒரு சில வம்சங்கள் மட்டும் பிழைத்து, மனிதர்களிடம் இருந்த மற்ற வம்சங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று அதன் டிஎன்ஏவை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இந்தக் கிருமிக்கு யாரும் டெட்ராசைக்ளினைக் குறிவைத்துக் கொடுக்கவில்லை. தவறிப்பட்ட குண்டில் ஒரு வம்சாவளியே மாறிப்போனது.

சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஃப்ளுவோரோகுவினலோன் மருந்துகளில் மட்டும் பழைய எழுத்துப்பிழைக் கதை பொருந்தும். டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்க்கும் இரண்டு நொதிகளின் மரபணுக்களில் குறிப்பிட்ட ஓரிரு எழுத்துகள் மாறினால் எதிர்ப்பு வந்துவிடும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் பயோஜீன்ஸ்?

பயோஜீன்ஸ் ஒன்றும் அப்பாவி அல்ல என்பதற்கு எரித்ரோமைசினுக்கு முன்பே சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாம்களில், தொற்று வராமல் தடுக்க வீரர்களுக்கு சல்ஃபாடயசினைக் கூட்டமாகக் கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே அந்த மருந்துக்கு அடங்காத பயோஜீன்ஸ் முகாம்களில் பரவிவிட்டது. எனவே எதிர்க்கத் தெரியாத கிருமி அல்ல இது. பென்சிலினை மட்டும்தான் எதிர்க்கவில்லை.

விளக்கம் இதுவரை பார்த்ததில்தான் இருக்கிறது. பென்சிலினுக்கு வேண்டியது ஒற்றைப் பயணி அல்ல. கொத்தனார்களின் கையில் ஒருங்கே பல மாற்றங்கள். நிமோகாக்கஸ் அதை மைட்டிஸிடமிருந்து மொத்தமாக எடுத்துக்கொண்டது. பயோஜீன்ஸுக்கு சிந்திக்கிடக்கும் டிஎன்ஏவை எளிதாக எடுத்துக்கொள்ளும் பழக்கமில்லை. ஆய்வகத்தில் விசேஷச் சூழலில்தான் அதைச் செய்யவைக்க முடிகிறது. மைட்டிஸும் அதற்கு நெருங்கிய சொந்தமில்லை. எடுத்தாலும் எழுத்துகள் அவ்வளவாகப் பொருந்தாது. இன்னொன்று, ஆய்வகத்தில் வலிந்து மாற்றிய பயோஜீன்ஸ்கள் சரியாக வளரத் திணறின. மாறிய கையால் சுவர் கட்டும் வேலை அவற்றுக்கு ஒத்துவரவில்லை.

இதை வைத்து நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், 2020இல் வெளியான ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் கிடைத்த, ஒன்றுக்கொன்று உறவான இரண்டு பயோஜீன்ஸ் மாதிரிகளில், 2எக்ஸ் புரதத்தின் 553ஆம் இடத்தில் த்ரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லைசின் இருந்தது. ஓர் எழுத்துப்பிழையே இதற்குப் போதும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் ஆகியவற்றை அவை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தாங்கின. பென்சிலின் மட்டும் அப்போதும் கேட்டது.

எடுத்த எதிர்ப்பைக் கீழே வைக்கவும் செய்யுமா?

சில நேரம். 1990களின் தொடக்கத்தில் ஃபின்லாந்தில் பயோஜீன்ஸிடம் எரித்ரோமைசின் எதிர்ப்பு வேகமாக ஏறியது. அந்நாட்டு நிபுணர்கள் எரித்ரோமைசின் வகை மருந்துகளைக் குறைக்கச் சொன்னார்கள், மருத்துவர்களும் கேட்டார்கள். 1,000 பேருக்கு ஒரு நாளைக்கு 2.40 நாள்-அளவாக (ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் வழக்கமான மருந்தளவே ஒரு நாள்-அளவு) 1991இல் இருந்த பயன்பாடு 1992இல் 1.38 ஆனது. 1992இல் 16.5 சதவீதமாக இருந்த எதிர்ப்பு 1996இல் 8.6 சதவீதமாகக் குறைந்தது. பாதியாகச் சரிய நாலு வருடம். எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது செல்லுக்கு ஒரு செலவு. மருந்து இல்லாத இடத்தில் அந்தச் செலவு செய்யாதவை முந்திக்கொள்ளும். ஆனால் அந்தச் செலவு எப்போதும் பெரிதாக இருப்பதில்லை.

பெல்ஜியத்தில் 224 ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்து நடத்திய சோதனை 2007இல் வெளியானது. சிலருக்கு மூன்று நாள் அசித்ரோமைசின், சிலருக்கு ஏழு நாள் கிளாரித்ரோமைசின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. நோய் எதுவும் இல்லாதவர்கள். அவர்கள் தொண்டையில் அமைதியாகக் குடியிருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைத்தான் கண்காணித்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடம் எதிர்ப்புள்ளவற்றின் பங்கு சில நாட்களில் எகிறியது. 180 நாட்களுக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிளாரித்ரோமைசின் சாப்பிட்டவர்களிடம் துண்டு போடும் எர்ம் மரபணு மேலோங்கியிருந்தது.

திரு. எக்ஸின் தொண்டைக்கு இப்போது திரும்பிப் போகலாம். ஃபிளெமிங் பேசிய காலத்தில் நிமோகாக்கஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயருக்குள்கூட வரவில்லை. அந்தப் பெயர் மாற்றம் நடந்தது 1974இல். அவர் கதையில் தொண்டைப்புண்ணை உண்டாக்கிய அதே கிருமி நிமோனியாவையும் உண்டாக்கி மனைவியைக் கொல்கிறது. மரபணுக்களைத் தெரிந்துகொண்டு அந்தக் கதையை மறுபடி சொன்னால் இப்படித்தான் போகும்: அரைகுறை பென்சிலினில் பயோஜீன்ஸ் பாடம் எதுவும் படிக்காமல் சாகிறது, அல்லது பிழைத்தாலும் பழையபடியே இருக்கிறது. அதே தொண்டையில், தொண்டை வலிக்குச் சம்பந்தமே இல்லாத மைட்டிஸ்களில், கொத்தனார் கை கொஞ்சம் மாறிய ஒரு சில தங்கிப் பெருகுகின்றன. மாதங்கள் கழித்து, எங்கிருந்தோ வந்து மூக்கின் பின்பக்கம் குடியேறிய ஒரு நிமோகாக்கஸ், உடைந்த மைட்டிஸ் ஒன்றின் டிஎன்ஏவை இழுத்து உள்ளே போட்டுக்கொள்கிறது. அது திருமதி எக்ஸின் தொண்டையில் நடந்திருக்கலாம். அல்லது, அவர்கள் இருவரையும் பார்த்தே இராத ஒரு குழந்தையின் தொண்டையிலும் நடந்திருக்கலாம்.